அடங்கல்ல யார் பேரு இருக்கு?

புரட்டாசியில் ஊருக்குப் போயிருந்தேன். நீடாமங்கலம் ஸ்டேஷனில் இறங்கி, தம்பி வண்டியில் பின்னால் உட்கார்ந்து வாய்க்கால் கரையோடு வரும்போது எங்கள் வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. வழக்கமாக நடவு நாளில் காதில் விழுவது எங்கள் ஊர்ப் பெண்களின் பேச்சும் சிரிப்பும்தான். அன்றைக்கு எனக்குப் புரியாத பாஷை. பன்னிரண்டு பேர் இருந்தார்கள். இருபது, இருபத்தைந்து வயதுப் பையன்கள். குனிந்த முதுகு நிமிராமல், வரிசை பிசகாமல் நட்டுக்கொண்டு போனார்கள்.

"யாருடா இவங்க?"

"மேற்கு வங்காளம்க்கா. குரூப்பா வர்றாங்க. ஏக்கருக்கு இவ்வளவுன்னு பேசிட்டா போதும், விடிகாலையில இறங்கி வேலைய முடிச்சிட்டுத்தான் ஏறுவாங்க."

சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது பெரியப்பா முறையுள்ள ஒருவர் வந்தார். நலம் விசாரித்து முடித்ததும் தன் ஆதங்கத்தைச் சொன்னார். "நம்மூருப் புள்ளைங்க எவனும் சேத்துல கால வைக்க மாட்டேங்குறான் பாப்பா. இன்னும் பத்து வருசத்துல இந்த மண்ணுல யாரு நடுவா?"

இதே வார்த்தையைச் சின்ன வயதிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். அன்று மட்டும் அது எனக்கு இடித்தது. காலையில்தானே பன்னிரண்டு இளைஞர்களை அதே சேற்றில் பார்த்தேன்? வீட்டை விட்டு ரெண்டு நாள் ரயிலில் வந்து எங்கள் வயலில் நடுகிறார்கள். அதே நேரத்தில் எங்கள் ஊர்ப் பையன்கள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் நிற்கிறார்கள், சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கிறார்கள். வேலை கஷ்டம் என்பதற்காகப் போனவர்கள் இல்லை அவர்கள். அங்கே அவர்கள் பார்ப்பதும் உடம்பு நோகிற வேலைதான். அப்படியானால் எதை விட்டுப் போனார்கள்?

புரட்டாசியிலிருந்து தை வரைக்கும் மூன்று தடவை ஊருக்குப் போய்வந்தேன். போன ஒவ்வொரு தடவையும் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் இதையே கேட்டேன். அவர்கள் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தம்பியின் நோட்டு

முதலில் தம்பி. சித்தப்பா மகன், டிப்ளமோ படித்தவன், முப்பது வயது. என் அப்பாவுக்கு முட்டி போனதிலிருந்து எங்கள் பன்னிரண்டு மா நிலத்தை அவன்தான் குத்தகைக்குப் பார்க்கிறான். மா என்றால் தெரியாதவர்களுக்கு: மூன்று மா சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு ஏக்கர். இருபது மா ஒரு வேலி. எங்களுடையது நாலு ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் அது பெரிய நிலம்தான். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இங்கே ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், ரெண்டு ஏக்கருக்கும் குறைவு.

தம்பி ஒரு நோட்டு வைத்திருக்கிறான். செலவையெல்லாம் அன்றன்றைக்கே எழுதிவிடுவான். இந்தச் சம்பாவில் ஒரு ஏக்கருக்கு அவன் எழுதியிருந்தது இது: உழவு, சேறடிப்பு 5,000 ரூபாய். விதை, நாற்றங்கால் 2,500. நடவு 5,500. வரப்பு, அண்டை வெட்டு 2,000. உரம் 5,000. களை 3,000. மருந்து 2,500. அறுவடை மிஷின் 4,500. ஏற்றுகூலி, இறக்குகூலி 1,500. ஆக 31,500.

விளைந்தது அறுபது கிலோ மூட்டையில் முப்பது. அதாவது 18 குவிண்டால். 2025-26 பருவத்துக்குச் சாதாரண ரக நெல்லின் மத்திய அரசு விலை 2,369 ரூபாய். மாநில ஊக்கத்தொகை 131 சேர்த்து குவிண்டால் 2,500. வரவு 45,000. செலவு போக 13,500. அதில் குத்தகை ஆறு மூட்டை, 9,000 ரூபாய் எங்களுக்கு வந்துவிடுகிறது. மிச்சம் 4,500. நாலு ஏக்கருக்குச் சேர்த்துப் பதினெட்டாயிரம். ஐந்து மாத உழைப்புக்கு.

அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் பெரியப்பாவின் கேள்வியைத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். "ஏன் வரலை" என்று கேட்பதற்கு முன்னால் "எப்படி இன்னும் இருக்கிறான்" என்றுதான் கேட்டிருக்க வேண்டும்.

அவன் இருப்பதற்குக் காரணம் நெல் இல்லை. பழைய பவர் டில்லர் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டுகிறான். அறுவடை முடிந்ததும் இன்னும் ரெண்டு பேரோடு சேர்ந்து வைக்கோல் கட்டும் மிஷினை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறான். "நெல்லு சாப்பாட்டுக்கு. மிஷினுதான்க்கா கைக்காசு" என்றான்.

புதுசுக்குப் பயந்தவர்களா நாம்?

நகரத்தில் விவசாயத்தைப் பற்றிப் பேசும் கூட்டங்களில் அடிக்கடி ஒரு வாக்கியம் வரும்: விவசாயிகள் மாற்றத்தை ஏற்க மாட்டார்கள், அவர்களுக்கு விழிப்புணர்வு ஊட்ட வேண்டும். எங்கள் தாத்தா காலத்தைத் தெரிந்தவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

1960-61இல் இந்தியாவில் தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. ஊரில் 'பேக்கேஜ் திட்டம்' என்பார்கள். அடுத்த சில வருடங்களில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏ.டி.டி. 27 வந்தது. ஜப்பான் ரகத்தையும் நம் ரகத்தையும் கலந்த குறுகிய கால நெல், குறுவைப் பருவத்துக்கென்றே வந்தது. டெல்டா முழுக்க அது மளமளவென்று பரவியது. பள்ளிக்கூடமே போகாத தாத்தா யூரியாவின் அளவைப் படி போட்டுக் கணக்காகச் சொல்வார் என்று அப்பா சொல்லியிருக்கிறார். புதுசு லாபமாக இருந்தது, விதை கைக்குக் கிடைத்தது, தண்ணீர் வரும் என்ற நம்பிக்கையும் இருந்தது. அதனால் ஏற்றுக்கொண்டார்கள்.

இன்றைக்கு ஒருவர் புதுசை வேண்டாம் என்கிறார் என்றால் அதற்கும் காரணம் இருக்கும். நடவு மிஷினை எடுத்துக்கொள்ளுங்கள். மிஷினுக்குப் பாய் நாற்றங்கால் போட வேண்டும். பதினைந்து, பதினெட்டு நாள் நாற்றைத்தான் அது நடும். வயல் தட்டையாக இருக்க வேண்டும், தண்ணீர் மெல்லிசாக நிற்க வேண்டும். குறுவைக்கு இது சரி. சம்பாவுக்கு ஐப்பசி மழை கொட்டும்போது எங்கள் தாழ்ந்த வயலில் முழங்கால் தண்ணீர் நாலு நாள் வடியாது. குட்டை நாற்று மூழ்கி அழுகிவிடும். இருபத்தைந்து, முப்பது நாள் நாற்றாக இருந்தால் தலையாவது வெளியே தெரியும். கடைமடையில் இருக்கும் என் அத்தை வீட்டுக்காரர் மிஷின் வேண்டாம் என்று சொன்னதற்கு இதுதான் காரணம். அதிகாரி குறிப்பேட்டில் அவர் பெயருக்கு எதிரே 'ஆர்வமில்லை' என்று எழுதப்பட்டிருக்கும். அந்த மாமாவுக்கு வேண்டியது மிஷினுக்கு முன்னால் வடிகால் வாய்க்கால். வருடக்கணக்காகத் தூர் வாராத வாய்க்காலை வாரிக்கொடுத்தால் அவரே மிஷினைக் கூப்பிடுவார்.

உளுந்துக் கதையும் இப்படித்தான். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போது நிற்கும் நெல்லுக்குள்ளேயே உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். வயலில் மிச்சமிருக்கும் ஈரத்திலேயே முளைத்து, உழவு இல்லாமல், உரம் இல்லாமல் பங்குனி சித்திரையில் கையில் ஒரு தொகை தரும். ஆள் வைத்து அரிவாளால் அறுத்த காலத்தில் முளைக்குச் சேதம் இல்லை. பெல்ட் வைத்த அறுவடை மிஷின் வந்தது. அது ஏறி இறங்கும் தடத்தில் முளைத்த உளுந்து நசுங்கிப்போகிறது. அறுவடைச் செலவு மிச்சமான கணக்கு எல்லோருக்கும் தெரியும். நசுங்கிய உளுந்தின் கணக்கைக் கேட்டால் எங்கள் சித்தி மட்டும்தான் சொல்கிறார், ஏனென்றால் உளுந்துக் காசு எப்போதும் அவர் கைக்குத்தான் போகும். நவீனம் வரும்போது வீட்டில் யார் கையிலிருந்த காசு போகிறது என்று பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் அது பெண் கை.

"வாங்க தம்பி"

இந்தப் பதிவில் நான் சொல்ல நினைத்தவற்றில் முக்கியமானது இது.

அறுவடைச் சமயத்தில் ஆத்தூர், சேலம் பக்கத்திலிருந்து லாரியில் ஏற்றி அறுவடை மிஷின்கள் வரும். இந்த முறை எங்கள் வயலுக்கு வந்த மிஷினை ஓட்டியவன் எங்கள் ஊர்ப் பையன். அவன் அம்மா முப்பது வருடம் எங்கள் வயலில் நடவு நட்டவர். அப்பா பண்ணை வேலை பார்த்தவர். குடும்பத்துக்கு ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. ஐ.டி.ஐ. முடித்துவிட்டுத் திருப்பூர் போனவன், ரெண்டு வருடத்தில் திரும்பிவந்து மிஷின் ஓட்டக் கற்றுக்கொண்டான்.

வரப்பில் டீ குடிக்கும்போது கேட்டேன், ஏன் திரும்பி வந்தாய் என்று. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு சொன்னான்: "எங்கப்பா சேத்துல நின்னப்ப அவர விட சின்னப் பையன்கூட 'வாடா போடா'ன்னுதான் கூப்புடுவான். நான் கேட்டிருக்கேன். அதுக்காகவே இந்த ஊர் வேலையே வேணாம்னு போனேன். இப்ப மிஷின்ல ஏறி உக்காந்தா அதே ஆளுங்க 'வாங்க தம்பி, டீ சாப்புட்டீங்களா'ங்கறாங்க. வேலை அதே வயல்லதான். கூப்புடுற விதம் மாறிடுச்சு."

நான் தலை நிமிரவில்லை. 'வாடா' என்று கூப்பிட்டவர்களில் என் வீட்டுப் பெரியவர்களும் உண்டு.

இந்த மண்ணில் விவசாய வேலை என்பது வெறும் வேலையாக என்றைக்கும் இருந்ததில்லை. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். கூலி உயர்வும் சங்கமும் மரியாதையும் கேட்ட தலித் கூலிக் குடும்பங்கள். அந்த வரலாற்றைச் சுமந்த வீட்டுப் பிள்ளையிடம் போய் "சேற்றில் இறங்க ஏன் வெட்கப்படுகிறாய்" என்று கேட்க நமக்கு உரிமை இல்லை. அவன் சேற்றைப் பார்த்து வெட்கப்படவில்லை. சேற்றில் நின்றவனை நாம் நடத்திய விதத்திலிருந்து விலகிப் போனான்.

இயந்திரம் உழைப்பைக் குறைப்பதாக எல்லோரும் எழுதுகிறோம். எங்கள் ஊரில் அது மரியாதையைக் கொண்டுவந்திருக்கிறது. அந்த மிஷின் அவனுக்குச் சொந்தமில்லை, வெளியூர் முதலாளியுடையது. சீசன் முடிந்தால் வேலையும் முடிந்தது. அதனால் அவன் ஆசை தெளிவாக இருக்கிறது: "சேர்ந்து ஒரு மிஷின் வாங்கணும்க்கா. மானியம் கேட்டுப் போனா சிட்டா, அடங்கல் கேக்குறாங்க. எனக்கு ஏது?"

நடவுக்காரர்களின் பதில்

அவன் அம்மாவிடமும் பேசினேன். நூறு நாள் வேலையால்தான் நடவுக்கு ஆள் வருவதில்லை என்று நிலம் வைத்திருக்கும் எல்லோரும் சொல்கிறார்கள். அதை அப்படியே அவரிடம் கேட்டேன்.

"நூறு நாளு வேலையில ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் ஒரே கூலி பாப்பா. வயசானவளுக்கும் அதே கூலி. காசு என் பேருல பாங்கில விழுது. வயல்ல நடவு வருசத்துக்கு எத்தனை நாளு? பதினஞ்சா, இருவதா? மிச்ச நாளு நாங்க என்னத்த சாப்புடுறது?"

வங்காளப் பையன்கள் வந்ததில் அவருக்குக் கோபம் இல்லை, வருத்தம் இருந்தது. "அவுங்களும் வயித்துக்குத்தான் வந்திருக்குதுங்க. ஆனா நாங்க நட்ட வயலு பாரு, அத வேற ஆளு நடுறதப் பாக்க மனசு கேக்கல."

அவர் இருக்கும் மகளிர் சுயஉதவிக் குழு குறுவைக்குப் பாய் நாற்றங்கால் போட்டுக் கொடுக்கிறது. மண் சலித்து, தட்டில் பரப்பி, முளைகட்டிய விதையைத் தூவி, பதினைந்தாம் நாள் பாய் மாதிரிச் சுருட்டிக் கொடுக்கிறார்கள். நடவு மிஷின் வந்ததால் கை நடவு போனது. அந்த மிஷினுக்கு நாற்று வளர்த்துக் கொடுப்பது அவர்கள் கைக்கு வந்திருக்கிறது. எல்லா ஊரிலும் இப்படி நடக்கவில்லை. நடந்த இடத்தில் மிஷினை யாரும் வையவில்லை என்பதை என் கண்ணால் பார்த்தேன்.

அதே குழுவில் ஒரு மருமகள் ட்ரோன் ஓட்டப் பயிற்சி எடுத்திருக்கிறாள். 2023இல் மத்திய அரசு அறிவித்த திட்டத்தில் நாடு முழுக்க 15,000 மகளிர் குழுக்களுக்கு ட்ரோன் தருவதாகச் சொன்னார்கள். அதில் வந்த வாய்ப்பு. ஏக்கருக்குப் பத்து லிட்டர் தண்ணீர் போதும், பத்து நிமிடத்துக்குள் அடித்து முடித்துவிடுகிறாள். முதுகில் தெளிப்பான் மாட்டி அரை நாள் மருந்துப் புகையில் நடந்த ஆட்களுக்கு இது உயிர் காக்கும் விஷயம். கஷ்டங்களையும் அவளே சொன்னாள். பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும், வயல் வரைக்கும் ஜெனரேட்டரைத் தூக்கிப் போக வேண்டும். துண்டு துண்டான வயல், குறுக்கே மின்கம்பி, வரப்பெல்லாம் தென்னை. பழுதானால் சரி பார்க்க உள்ளூரில் ஆள் இல்லை. "ரிப்பேர் பாக்க எங்க ஊருப் பையன் ஒருத்தனுக்குக் கத்துக் குடுத்தா அவனுக்கும் பொழப்பு, எனக்கும் கவலையில்லை" என்றாள். கருவி கொடுக்கும்போதே அதைச் சரிசெய்யும் கையையும் உருவாக்க வேண்டும் என்று இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பழைய நெல்லும் நவீனம்தான்

நவீனம் என்றால் இயந்திரம் மட்டும் என்று எங்கள் ஊர் இளைஞர்கள் நினைக்கவில்லை. பக்கத்து ஊரில் என்ஜினியரிங் படித்த ரெண்டு பேர் மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும் தூயமல்லியும் போடுகிறார்கள். இயற்கை விவசாயத்துக்காக நம்மாழ்வார் நடந்து நடந்து பேசியதும், திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் 'நெல்' ஜெயராமன் 170க்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களைத் தேடிச் சேர்த்து, நெல் திருவிழா நடத்தி விதை கொடுத்ததும் இன்றைக்கும் இங்கே முளைத்துக்கொண்டிருக்கிறது. நம்மாழ்வார் 2013இலும் ஜெயராமன் 2018இலும் மறைந்தார்கள். விதை மறையவில்லை.

அந்த ரெண்டு பேரும் கனவில் மிதப்பவர்கள் இல்லை. விளைச்சல் குறைவு, பயிர் உயரமாக வளர்ந்து காற்றுக்குச் சாய்ந்துவிடும், அறுவடை மிஷினுக்குச் சிரமம் என்று எல்லாமே சொன்னார்கள். கொள்முதல் நிலையத்தில் போட்டால் இந்த நெல்லுக்குத் தனி விலை இல்லை. அதனால் தாங்களே அரைத்து, அவலாக்கி, பொட்டலம் போட்டு வாட்ஸ்அப் குழுவில் விற்கிறார்கள். வயலில் நிற்கும் நேரத்தைவிட அரவை மில்லிலும் பார்சல் ஆபீஸிலும் நிற்கும் நேரம் அதிகம் என்றார்கள். 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தது. எண்ணெய்க் கிணறுகளுக்கு எதிராக நின்ற ஊர்களுக்கு அது பெரிய ஆறுதல். "மண்ணக் காப்பாத்தியாச்சு, சரி. அந்த மண்ணுல விளையுறத இங்கயே அரைச்சு, பொரிச்சு, பொட்டலம் போடுற தொழில் எப்ப வரும்?" என்று அவர்கள் கேட்கிறார்கள். அந்தத் தொழில் வந்தால் படித்த பிள்ளைகள் வருவார்கள்.

தண்ணீரும் தார்ப்பாயும்

ஒரு இளைஞன் கடன் வாங்கித் துணிந்து இறங்க வேண்டுமானால் நாள், கிழமை தெரிய வேண்டும். மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்க வேண்டும். 2012 முதல் எட்டு வருடம் அந்தத் தேதியில் திறக்கவில்லை. 2020இல் திறந்தது. 2022இல் மே மாதமே திறந்தது. 2023இல் தேதியில் திறந்து, அக்டோபரிலேயே மூடினார்கள். 2024இல் ஜூலைக் கடைசியில்தான் திறந்தது. 2025இல் மறுபடி ஜூன் 12. இப்படி இருந்தால் எந்தப் பையன் குறுவைக்குக் கணக்குப் போடுவான்? போர்வெல் இருப்பவன் தப்பிக்கிறான், வாய்க்காலை நம்பியவன் வானத்தைப் பார்க்கிறான்.

விளைந்த பிறகும் நிம்மதி இல்லை. ஆள் வைத்து அறுத்தபோது ஊர் அறுப்பு ஒரு மாதம் நடக்கும். அரி காய்ந்து, களத்தில் காய்ந்துதான் நெல் மூட்டைக்குப் போகும். மிஷின் வந்ததும் ஊரே நாலைந்து நாளில் அறுத்துவிடுகிறது. பச்சை நெல் மொத்தமாகக் கொள்முதல் நிலையத்தில் குவிகிறது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள். மழை வந்தால் முளைத்துவிடும். தம்பி பத்து நாள் தார்ப்பாய்க்குக் கீழே நெல்லோடு படுத்திருந்தான். அறுவடையை நவீனமாக்கினோம், காயவைப்பதை ஆகாயத்திடமே விட்டுவிட்டோம். ஊருக்கு ஒரு உலர்த்தி, அதை ஓட்ட ரெண்டு இளைஞர்கள் இருந்தால் அந்தப் பத்து நாள் அவனுக்கு மிச்சம்.

பேர்

இப்போது தலைப்புக்கு வருகிறேன்.

நிலம் யாருடையது என்பதைச் சொல்பவை பட்டாவும் சிட்டாவும். இந்தப் பருவத்தில் யார், எந்தப் பயிரைச் சாகுபடி செய்கிறார்கள் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதும் கணக்கு அடங்கல். எங்கள் பன்னிரண்டு மாவுக்கு எல்லாவற்றிலும் அப்பா பெயர்தான். ஏழு வருடமாக அந்த மண்ணில் உழைப்பவன் தம்பி.

இதனால் என்ன ஆகிறது தெரியுமா? தம்பி விளைவித்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் அப்பா பெயரில் போட வேண்டியிருக்கிறது. பணம் அப்பா கணக்கில் விழுகிறது. அப்பா எடுத்துக் கொடுக்கிறார். ஒரு வருடம் வெள்ளத்தில் பயிர் போனது. நிவாரணமும் அப்பா கணக்குக்குத்தான் வந்தது. அப்பா அதையும் கொடுத்துவிட்டார், எல்லா நிலக்காரர்களும் கொடுப்பதில்லை. பிஎம் கிசான் 6,000 ரூபாய் நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்களுக்கு. திட்டம் தொடங்கியபோது 2019 பிப்ரவரி 1ஆம் தேதி யார் பெயரில் நிலம் இருந்தது என்பதே கணக்கு. குத்தகைக்காரருக்கு அது கிடையாது. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடனுக்கு அடங்கல், மிஷின் மானியத்துக்கும் சிட்டா, அடங்கல். முப்பது வயதில் ஏழு வருட அனுபவம் உள்ள ஒரு விவசாயி, அரசாங்கத்தின் எந்தக் காகிதத்திலும் விவசாயி இல்லை. வங்கி அவன் வருமானத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் "மாப்பிள்ளை பேர்ல என்ன இருக்கு" என்று கேட்டார்கள். சித்தப்பா தலை குனிந்து திரும்பி வந்தார்.

அப்பா கெட்டவர் இல்லை. அவருக்கு ஒரு பயம். 1955இல் வந்த சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், மிராசுதார்கள் நினைத்தபோது குடியானவனை வெளியேற்றிய காலத்தில் அவசியமாக வந்த சட்டம். அதன் பிறகு 'பேரை எழுதிக் கொடுத்தால் நிலம் போய்விடும்' என்ற பயம் நிலம் வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் தங்கிவிட்டது. அதனால் டெல்டாவில் குத்தகை பெரும்பாலும் வாய்மொழிதான். பாதுகாக்க வந்த சட்டத்துக்குப் பயந்தே குத்தகைக்காரரைக் காகிதத்தில் இல்லாதவர் ஆக்கிவிட்டோம். இதில் என் பங்கும் இருக்கிறது. சென்னையில் சம்பளம் வாங்கிக்கொண்டு வருடா வருடம் அந்த ஆறு மூட்டைக் காசைச் சாப்பிடும் வீட்டின் பெண் நான்.

ஆகவே இளைஞர்களை விவசாயத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று உண்மையாகவே நினைப்பவர்களிடம் நான் கேட்பது இவைதான். உழுபவரின் பெயரை நிலக்காரரின் உரிமைக்குப் பங்கமில்லாமல் எழுதிக்கொள்ள ஒரு எளிய குத்தகைப் பத்திரம் வேண்டும், மூன்று வருடமோ ஐந்து வருடமோ காலம் குறித்து. மானியத்தை நிலத்தோடு மட்டும் கட்டாமல் வேலையோடும் கட்டுங்கள்: மிஷின் ஓட்டத் தெரிந்த, நிலமில்லாத ஐந்து பேர் சேர்ந்து வந்தாலும் கொடுங்கள். 2021லிருந்து தமிழ்நாட்டுக்குத் தனி வேளாண் பட்ஜெட் இருக்கிறது. வேளாண் பட்டதாரிகளுக்குத் தொழில் தொடங்க உதவி அதில் வருகிறது. நல்லது. ஐ.டி.ஐ. படித்தவனுக்கும் நாற்று வளர்க்கும் பெண்களுக்கும் அதே அளவு இடம் வேண்டும். மிஷின் வரும் முன் வாய்க்காலும் உலர்த்தியும் வரட்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், வயலில் நிற்பவரை 'வாங்க' என்று கூப்பிடுவோம். அதற்கு எந்தத் திட்டமும் நிதியும் தேவையில்லை.

தை மூன்றாம் நாள்

பொங்கல் முடிந்த மறுநாள் காலை. தம்பி நோட்டை அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். கடைசியில் 4,500 என்று இருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார்.

"இவ்வளவுதானா நிக்குது?"

"அவ்வளவுதான் பெரியப்பா," என்றான் தம்பி.

"குத்தகையில ரெண்டு மூட்டை விட்டுக்குடுக்குறேன்டா."

நான் சொன்னேன்: "அவனுக்கு மூட்டை வேணாம்ப்பா. அடங்கல்ல அவன் பேரு வேணும்."

அப்பா என்னைப் பார்த்தார். "நாளைக்கு உனக்குன்னு இருக்கிற நிலம் பாப்பா. எழுதிக் குடுத்துட்டா?"

"எனக்குன்னு இருந்தா நானே சொல்றேன்ப்பா. அஞ்சு வருசம்னு பத்திரத்துல எழுதிப் பதிவு பண்ணுவோம். வக்கீல்கிட்ட கேட்டுத்தான் பண்ணப் போறோம். நம்ம நிலத்துல உழைக்கிறவன் பேரு எங்கயுமே இல்லாம இருக்கிறது நமக்குத்தான் அசிங்கம்."

பதில் வரவில்லை. எழுந்து கொல்லைப் பக்கம் போனார். அம்மா என்னைப் பார்த்து, விடு என்பதுபோலக் கண்ணைக் காட்டினார். தம்பி நோட்டை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பத் தயாரானான். வாசல்படி வரை போய்விட்டான்.

உள்ளேயிருந்து அப்பா குரல் கேட்டது.

"டேய், ஆதார்ல உன் பேரு எப்படிடா இருக்கு? இனிஷியல் முன்னாடியா பின்னாடியா? வி.ஏ.ஓ. கேப்பாரு."

தம்பி அங்கேயே நின்று, எழுத்துக் கூட்டிச் சொன்னான்.